சோதித்தறிதலும் பக்தியே

எபேசு சபையின் மூப்பர்களை மிலேத்துப் பட்டினத்துக்கு வரவழைத்து விடைபெற்ற நாளில், அப்போஸ்தலனாகிய பவுலின் நெஞ்சை அழுத்திய கவலை ரோமப் பேரரசின் வாளைப் பற்றியதன்று. தாம் நீங்கிய பின்னர் மந்தையைச் சிதறடிக்கும் ஓநாய்கள் உள்ளே புகும் என்றும், அம்மூப்பர்களின் நடுவிலிருந்தே சிலர் எழும்பிச் சீடரைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வர் என்றும் அவர் எச்சரித்தார். அப்போஸ்தலர் நடபடிகள் 20 ஆம் அதிகாரம் இதனைப் பதிவுசெய்திருக்கிறது. மலைப்பிரசங்கத்தின் இறுதியில் ஆண்டவர் கூறிய எச்சரிக்கையும், பேதுருவின் இரண்டாம் நிருபமும், யோவானின் நிருபங்களும், யூதாவின் சிறு நிருபமும் இதே கவலையைத்தான் பேசுகின்றன. வஞ்சகம் வெளியே நின்று கதவைத் தட்டுவதைவிட, உள்ளே அமர்ந்து பிரசங்கிப்பதே மிகுதி.

இத்தனை எச்சரிக்கைகள் கையில் இருந்தும் நம்பும் மக்கள் தலைமுறைதோறும் ஏமாற்றப்படுவது ஏன்? நம்பிக்கை மிகுந்ததனால் நேர்ந்தது என்பர் புறத்தார். நம்பிக்கை குன்றியதனால் நேர்ந்தது என்பர் சபையாருள் சிலர். இரண்டும் நோயின் மூலத்தைத் தொடவில்லை. சோதித்துப் பார்ப்பதே பாவம் என்று எங்கே கற்பிக்கப்படுகிறதோ, அங்கேதான் வஞ்சகம் வேர்கொள்கிறது. கேள்வி கேட்பவன் அவிசுவாசி, கணக்குக் கேட்பவன் கலகக்காரன், ஐயுறுபவன் சாத்தானின் கருவி என்னும் எண்ணம் நிலைபெற்ற சபை, தன் காவலைத் தானே கலைத்துவிட்ட சபையாகும்.

1978 நவம்பர் 18 அன்று, தென்னமெரிக்காவின் கயானா நாட்டில் ஜோன்ஸ்டவுன் என்னும் காட்டுக் குடியிருப்பிலும் அதனைச் சார்ந்த இடங்களிலும் 918 பேர் மாண்டனர். பெரும்பாலோர் சயனைடு கலந்த பானத்தால் இறந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 300 பேர் சிறார். அவர்களை அங்கே கொண்டுசென்ற ஜிம் ஜோன்ஸ், தொடக்கத்தில் பாராட்டத்தக்க பணிகளோடுதான் மக்கள் முன் வந்தார். 1950களில் இண்டியானாபொலிஸ் நகரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கே அமர்ந்து தொழும் சபையை நடத்தினார், ஏழைகளுக்கு உணவளித்தார், முதியோரைப் பேணினார். கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்த பின்னர் அரசியல் தலைவர்கள் அவரை நாடினர். 1976 இல் சான் பிரான்சிஸ்கோ நகரின் வீட்டுவசதி ஆணையத்தில் இடமும் தந்தனர். இந்த நற்பெயரின் நிழலில், கோழிக் குடலைக் காட்டி நோயாளியின் உடலிலிருந்து வெளிவந்த புற்றுக்கட்டி என்று முழங்கும் போலி அற்புதங்கள் நடந்தேறின. உறுப்பினர் தம் வீட்டையும் ஊதியத்தையும் ஒப்படைத்தனர். அவரைத் தந்தை என்று அழைத்தனர். வேதாகமத்தையே அவர் மேடையில் இகழ்ந்தபோதும் இருக்கையை விட்டு எழவில்லை. கூட்டமாக நஞ்சருந்துவதற்கு ஒத்திகைகூட நடத்தப்பட்டது. இத்தனைக்கும், அமெரிக்காவின் மதிப்புமிக்க சபைப் பிரிவுகளுள் ஒன்றின் பட்டியலில் அவருடைய ஆலயம் இறுதிவரை இடம்பெற்றிருந்தது.

ஜோன்ஸ்டவுனில் மாண்டவர்கள் ஒரே நாளில் ஏமாந்தவர்கள் அல்லர். முதலில் நேரத்தைத் தந்தனர். பிறகு பணத்தை, பிறகு குடும்பத்தை, பிறகு தீர்மானிக்கும் உரிமையைத் தந்தனர். உயிர் கேட்கப்பட்டபோது மறுப்பதற்கான வலிமை அவர்களுள் பலரிடம் எஞ்சியிருக்கவில்லை. மறுக்க முயன்றோரைச் சுற்றி ஆயுதமேந்திய காவல் நின்றது.

இது பழங்கதை என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. கென்யாவின் கிலிஃபி மாவட்டத்தில் ஷகஹோலா என்னும் காட்டில் 2023 ஏப்ரல் தொடங்கி 400க்கும் மேற்பட்ட உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. பட்டினி கிடந்து இறந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று போதித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட போதகர் பால் மெக்கன்சி, அதனை மறுத்து நீதிமன்றத்தில் வழக்கை எதிர்கொண்டார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாகாது என்ற போதனைக்காக அவர் அதற்குமுன்னரே காவல்துறையிடம் சிக்கியவர். உபவாசம் வேதம் போற்றும் பயிற்சி. அந்தப் புனிதமான பயிற்சியின் பெயரால்தான் குழந்தைகள் புதைகுழிக்குச் சென்றனர். வஞ்சகம் புதிய சொற்களைத் தேடுவதில்லை; சபைக்குப் பழகிய சொற்களையே எடுத்து, அவற்றின் உள்ளீட்டை மாற்றிவிடுகிறது.

கல்லாதவரும் வறியவருமே இவ்வாறு ஏமாறுவர் என்று எண்ணுவோர் 1933 ஆம் ஆண்டின் ஜெர்மனியை நோக்க வேண்டும். இறையியல் கல்வியில் உலகுக்கே ஆசிரியராக விளங்கிய நாடு அது, லூத்தரின் நாடு. அங்கே 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்னும் இயக்கத்தார், இட்லரின் எழுச்சியில் இறைவனின் கரத்தைக் கண்டதாகப் பிரசங்கித்தனர். யூத மரபினரான போதகரைத் திருப்பணியிலிருந்து நீக்கும் விதியைப் பிரஷ்ய சபை ஏற்றது. அவ்வாண்டு நவம்பரில் பெர்லின் விளையாட்டரங்கில் கூடிய பேரணியில், பழைய ஏற்பாட்டையே தள்ளிவிட வேண்டும் என்ற கோரிக்கை கைதட்டலோடு எழுந்தது. கைதட்டியவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஞானப்பாட்டுகளை மனப்பாடமாக அறிந்தவர்கள். அறிவு அவர்களைக் காக்கவில்லை. தேசப்பற்று என்னும் ஆடையணிந்து வந்த விக்கிரகத்தை அவர்கள் சோதிக்கவில்லை. சோதித்தவர்கள் சிலரே. 1934 மே மாத இறுதியில் பார்மென் நகரில் கூடி, சபையின் ஒரே தலைவர் கிறிஸ்துவே என்றும், அவருக்கு இணையாக வேறெந்த ஆளுகையையும் இறைவெளிப்பாடாக ஏற்க முடியாது என்றும் அவர்கள் அறிக்கையிட்டனர். அந்த அறிக்கையின் பெரும்பகுதியை வரைந்தவர் இறையியலாளர் கார்ல் பார்த். அவர்களோடு ஒரே வழியில் நின்ற போதகர் போன்ஹோபர், இட்லரின் ஆட்சியால் 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். வஞ்சகத்தை மறுப்பதற்கு விலை உண்டு என்பதற்கு அவர் சாட்சி.

இனி, சோதிப்பது எவ்வாறு என்னும் வினா எழும். வேதம் இதற்கு அளவுகோல்களைத் தெளிவாகவே தந்திருக்கிறது.

முதலாவது, சொன்னது நடந்ததா என்பது. உபாகமம் 18 ஆம் அதிகாரம், கர்த்தரின் பெயரால் சொல்லப்பட்டது நிறைவேறாவிடில் அது கர்த்தர் சொல்லாதது என்று தீர்க்கிறது. அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்று ஆண்டவரே கூறியிருந்தும், நாள் குறித்தவர்கள் தோன்றிக்கொண்டேயிருக்கின்றனர். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருந்து, மறுநாள் விடியலைக் கண்ணீரோடு கண்டனர். திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து திருச்சபைப் பணியேற்ற யுஸ்தூஸ் யோசேப்பு, 1875 இல் ஓர் எழுப்புதலின் நடுவே, ஆறு ஆண்டுகளில் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். 1881 கடந்தது, வருகை நிகழவில்லை. ஆயினும் அவ்வியக்கம் கலையாமல் தனிச் சமயமாகவே உருக்கொண்டது. பொய்த்த முன்னறிவிப்பு தன்னாலேயே மக்களை விழிக்கச் செய்துவிடும் என்று எண்ணுவது தவறு. பொய்த்ததற்கு விளக்கம் கற்பித்துக்கொள்வதில் மனித மனம் வல்லது. வானொலிப் போதகர் ஹெரால்ட் கேம்பிங், 2011 மே 21 என்று நாள் குறித்து உலகெங்கும் விளம்பரப்படுத்தினார். அவரை நம்பிச் சேமிப்பை இழந்தவர் உண்டு. மறு ஆண்டு அவர் நாள் குறித்தது பாவமே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இந்த ஒப்புதல் அவருக்குப் பெருமையே. ஆனால் இழந்தவர்களின் பொருள் திரும்பவில்லை.

இரண்டாவது அளவுகோல் இன்னும் கூர்மையானது. சொன்னது நடந்தாலும், காட்டிய அடையாளம் மெய்யானாலும், அது கர்த்தரை விட்டு விலகச் செய்யுமானால் செவிகொடுக்கலாகாது என்று உபாகமம் 13 ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஆகவே அற்புதம் மட்டுமே ஒருவரை மெய்யூழியராக்கிவிடாது. அற்புதம் என்று காட்டப்படுவதும் பல வேளைகளில் அற்புதமாக இருப்பதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் பீட்டர் போபாஃப், கூட்டத்தில் முன்பின் அறியாதவரின் பெயரையும் முகவரியையும் நோயையும் சொல்லி மக்களை வியப்பில் ஆழ்த்தினார். 1986 இல் மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் குழுவினர் வானொலி அலையை ஒட்டுக்கேட்டபோது, ஜெப அட்டைகளில் மக்கள் தாமே எழுதித் தந்த விவரங்களை அவருடைய மனைவி காதொலிக் கருவியின் வழியே படித்துக்காட்டியது அம்பலமாயிற்று. ஆவியின் வெளிப்பாடு என்று மக்கள் கண்ணீர் சிந்தியது ஒரு கம்பியில்லாக் கருவிக்கு முன்பே. இன்று அத்தகைய கருவியும் வேண்டியதில்லை. முகநூலிலும் வாட்சப் குழுக்களிலும் நாமே பரப்பிவைத்திருக்கும் குடும்பச் செய்திகள், பெயர் சொல்லி அழைக்க விரும்பும் எவருக்கும் போதுமானவை.

ஆண்டவர் இயேசு குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கியபோது, ஆசாரியரிடம் போய்க் காட்டும்படி அனுப்பினார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். மெய்யான சுகம் பரிசோதனைக்கு அஞ்சுவதில்லை. மருத்துவச் சான்றைக் கேட்பது அவிசுவாசம் என்றும், மாத்திரையை நிறுத்துவதே விசுவாசம் என்றும் கூறும் போதகர், தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு மருந்துபோல் சிறிது திராட்சரசம் அருந்தச் சொன்ன பவுலைவிடத் தம்மை ஆவிக்குரியவராகக் கருதிக்கொள்கிறார். அத்தகையோரின் சொல்லை நம்பி இன்சுலினை நிறுத்தும் நீரிழிவு நோயாளியின் உயிர் போனால், அதற்கு மேடையில் யாரும் பொறுப்பேற்பதில்லை.

மூன்றாவது, பணம். தொடக்கத் திருச்சபையின் ஒழுங்குகளைக் கூறும் திதகே என்னும் மிகப் பழைய கைந்நூல், ஊரூராகச் செல்லும் ஊழியரைப் பற்றி வியக்கத்தக்க எளிய விதிகளை வகுத்திருக்கிறது. ஓரிடத்தில் மூன்று நாள் தங்குபவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அப்பத்துக்கு மேல் பணம் கேட்பவரும் அவ்வாறே. தாம் போதிப்பதைத் தாமே செய்யாதவரும் அவ்வாறே. எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைக் கொண்டுசெல்கையில், தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் பவுல் அனுப்பினார். யாரும் குறைசொல்ல இடமிராதபடி மனிதர் முன்பாகவும் நேர்மை விளங்க வேண்டும் என்பது அவர் கூறும் காரணம். பவுலே தம் கையைத் தனியே பணப்பையில் இடவில்லையென்றால், தணிக்கைக்கு உட்படாத அறக்கட்டளையின் கணக்கு எந்த அப்போஸ்தல முன்மாதிரியைச் சார்ந்தது? விதைக் காணிக்கை நூறத்தனையாகத் திரும்பும் என்று வாக்களித்து, கடனில் மூழ்கிய குடும்பத்தின் கடைசி நகையைப் பெறுபவர், விதவைகளின் வீடுகளைப் பட்சித்த வேதபாரகரின் வரிசையில் வந்தவர். ஜெப எண்ணெய்க்கும் ஆசீர்வாதக் கைக்குட்டைக்கும் விலை வைப்பவரின் முன்னோடியும் வேதத்தில் உண்டு. ஆவியின் வரத்தைக் காசு கொடுத்து வாங்க முனைந்து பேதுருவின் கடிந்துரையைப் பெற்ற சமாரியாவின் சீமோனே அவன்.

நான்காவது, தட்டிக்கேட்க முடியுமா என்பது. அபிஷேகம் பெற்றவரைத் தொடக்கூடாது என்னும் வேதவாக்கு, இன்று பல மேடைகளில் கேடயமாகப் பிடிக்கப்படுகிறது. தாவீது சவுலைக் கொல்ல மறுத்தது மெய்யே. ஆனால் 1 சாமுவேல் 24 ஆம் அதிகாரத்தை இறுதிவரை படிப்பவர், அதே தாவீது குகையிலிருந்து வெளியே வந்து, சவுலின் படைவீரர் கேட்க, அவனுடைய அநியாயத்தை உரத்த குரலில் எடுத்துரைத்ததையும் காண்பர். அதே தாவீது அபிஷேகம் பெற்ற அரசனாகிப் பாவம் செய்தபோது, நாத்தான் நேரே அரண்மனைக்குச் சென்று குற்றம் அவனுடையதே என்று முகத்துக்கெதிரே கூறினான். அந்தியோகியாவில் பேதுரு தடுமாறியபோது பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை எதிர்த்தார். சவுலின் உயிருக்கு ஓங்கிய வாளைத் தடுத்த வாக்கு, ஒருகாலும் கண்டனத்தின் வாயை அடைப்பதற்காகத் தரப்பட்டதன்று. தாவீதுக்கும் பேதுருவுக்கும் இல்லாத விலக்கைத் தமக்குக் கோரும் ஊழியரிடம் அச்சம் கொள்வதே விவேகம்.

இனி வரும் உண்மை கசப்பானது. ஏமாற்றுபவர் மட்டும் ஏமாற்றுவதில்லை. ஏமாற விரும்பும் உள்ளமும் அவருக்குத் துணைநிற்கிறது. 1 இராஜாக்கள் 22 ஆம் அதிகாரத்தில் ஆகாப் அரசனைச் சுற்றி நின்ற ஏறத்தாழ 400 தீர்க்கதரிசிகளும் வெற்றி உறுதி என்றே முழங்கினர். மிகாயா ஒருவனே மறுத்தான். அவன் எப்போதும் தீமையே சொல்கிறான் என்பதால் அரசன் அவனை வெறுத்தான். ஆகாப் உண்மையைக் கேளாதவன் அல்லன். கேட்டும் விருப்பமானதைத் தேர்ந்துகொண்டவன். தேர்வில் வெற்றி, வெளிநாட்டு விசா, திருமணம், வீடு என்னும் நான்கு வாக்குறுதிகளைச் சுற்றியே ஆண்டு முழுதும் சுழலும் பிரசங்கத்தை நாடிச் செல்பவரும், மனந்திரும்புதலையும் சிலுவை சுமத்தலையும் பேசும் போதகரிடம் முகஞ்சுளிப்பவரும், தம்முடைய 400 பேரைத் தாமே கூட்டிவைத்துக்கொள்கின்றனர்.

நல்லவரும் இதில் விழுவர் என்பதற்கு 1 இராஜாக்கள் 13 ஆம் அதிகாரம் சான்று. யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனிதன் யெரொபெயாம் அரசனின் வெகுமதியை மறுத்த உறுதியுடையவன். ஆனால் கிழவனான ஒரு தீர்க்கதரிசி, தேவதூதன் தன்னிடம் பேசினான் என்று பொய்யுரைத்தபோது, தான் நேரடியாகப் பெற்ற கட்டளையை மீறி அவன் வீட்டில் உணவுண்டான். வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. அரசனின் பொன்னால் அசைக்க முடியாதவனைப் பக்தியின் சொல் அசைத்தது. கர்த்தர் உனக்காக எனக்கு வெளிப்படுத்தினார் என்று கூறித் திருமணத்தையும் வேலையையும் சொத்தையும் தீர்மானிக்க முனைவோர் முன், விசுவாசி நினைவில் வைக்க வேண்டிய வரலாறு இது.

உணர்ச்சியின் பெருக்கும் உறுதியான சான்று ஆகாது. 1740களின் பெரும் எழுப்புதலை நியூ இங்கிலாந்தில் முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான ஜோனத்தன் எட்வர்ட்ஸ், அது தணிந்த பின்னர் 1746 இல் சமய உணர்ச்சிகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். உடல் நடுங்குவதும், கண்ணீர் பெருகுவதும், வேதவசனங்கள் திடீரென நெஞ்சில் தோன்றுவதும், மணிக்கணக்கில் ஆராதனையில் நிற்பதும், கிருபையின் செயலுக்கு ஆதரவாகவோ எதிராகவோ எதனையும் மெய்ப்பிப்பதில்லை என்று அதில் ஒவ்வொன்றாக ஆராய்கிறார்; அன்றாட வாழ்வில் விளையும் கிறிஸ்தவ நடத்தையையே தலையாய அடையாளமாக நிறுத்துகிறார். எழுப்புதலின் பகைவர் எழுதிய நூலன்று இது. அதனை நேசித்தவரே எழுதியது. வசனம் தோன்றிவிட்டது என்பதே போதுமானால், வனாந்தரத்தில் 91 ஆம் சங்கீதத்தை எடுத்துக்காட்டிய சோதனைக்காரனும் வேதபோதகனே. ஆண்டவர் அவனுக்கு வேதத்தாலேயே விடையளித்தார். வசனத்தை வசனத்தோடு ஒப்பிட்டு முழுமையாக அறிந்தவரை ஒற்றை வசனம் கொண்டு வீழ்த்த இயலாது.

இங்கே தமிழ்க் கிறிஸ்தவர்க்குத் தனிப் பொறுப்பு உண்டு. இந்திய மொழிகளுள் முதன்முதலாகப் புதிய ஏற்பாடு அச்சேறியது தமிழில்தான். 1706 இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், 1715 க்குள் அதனை அச்சிட்டு மக்கள் கையில் தந்தார். மக்கள் தாமே படித்து அறிய வேண்டும் என்பதே அந்த உழைப்பின் நோக்கம். பவுலின் பிரசங்கத்தையே வேதத்தோடு நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா ஊராரை நற்குணசாலிகள் என்று லூக்கா பாராட்டுகிறார். மூன்று நூற்றாண்டுகளாக வேதத்தைத் தம் மொழியில் வைத்திருக்கும் ஒரு சமுதாயம், காலையில் கைப்பேசிக்கு வரும் வாக்குத்தத்த அட்டையோடு நிறைவடைந்து, அவ்வசனம் நின்ற அதிகாரத்தைத் திறவாதிருப்பது தன் முன்னோரின் உழைப்பை அவமதிப்பதாகும்.

சோதித்தல் என்பது வேட்டையாடுதலாகவும் திரிந்துவிடலாம். வெளிப்படுத்தின விசேஷம் 2 ஆம் அதிகாரத்தில், பவுல் எச்சரித்த அதே எபேசு சபை, அப்போஸ்தலர் என்று பொய் சொன்னவர்களைச் சோதித்துக் கண்டறிந்ததற்காக ஆண்டவரால் பாராட்டப்படுகிறது. அடுத்த மூச்சிலேயே, ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டுவிட்டதற்காகக் கண்டிக்கவும் படுகிறது. யூடியூபில் நாள்தோறும் பிற ஊழியரைக் கிழித்தெறிந்து பார்வையாளரைப் பெருக்கும் தொழில், வஞ்சகத்தின் மற்றொரு முகமேயன்றி விழிப்புணர்வு ஆகாது. ஏமாந்து இழந்து மீண்டு வருபவரை, முன்னரே சொன்னோமே என்று ஏளனம் செய்யும் சபை, அவரை அடுத்த வஞ்சகரின் வாயிலுக்கே அனுப்புகிறது. அவருக்குத் தேவை ஓர் இருக்கையும் பொறுமையான செவியும்.

ஆகவே சபைகள் செய்ய வேண்டியவை தெளிவு. காணிக்கைக் கணக்கு ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்டுச் சபையார் முன் படிக்கப்பட வேண்டும். எந்தப் போதகரும், அவர் எத்துணைப் புகழ்பெற்றவராயினும், தம் உறவினர் அல்லாத மூப்பர் குழுவுக்குக் கட்டுப்பட வேண்டும். சுகமளிக்கும் கூட்டங்களில் மருந்தை நிறுத்தச் சொல்லும் வழக்கத்தைச் சபைப் பேரவைகளும் ஆயர்களும் வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும். தனிமனிதர் வாழ்வைப் பற்றி உரைக்கப்படும் தீர்க்கதரிசனம், முதிர்ந்த பிறர் முன்னிலையில் நிதானித்து அறியப்பட வேண்டும்; அது பவுல் கொரிந்து சபைக்கு வகுத்த ஒழுங்கே. குற்றம் நிகழ்ந்தால், சபையின் பெயர் கெடும் என்று மூடிமறைக்காமல் சட்டத்தின் முன் நிறுத்த வேண்டும். மூடிமறைப்பதே சபையின் பெயரைக் கெடுக்கிறது.

விசுவாசிகள் செய்ய வேண்டியதும் அரிதன்று. கேட்ட பிரசங்கத்தை வீட்டில் வேதத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். காணிக்கை இடுமுன் கணக்குக் கேளுங்கள். கேட்டதற்காகச் சபிக்கும் ஊழியரிடமிருந்து அன்றே விலகுங்கள். குடும்பத்தையும் மருத்துவரையும் பழைய நண்பரையும் விட்டுப் பிரியச் சொல்லும் குரலுக்குச் செவிசாய்க்காதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஜெபிக்கக் கற்பிக்கும்போதே, ஏன் என்று கேட்கவும் கற்பியுங்கள். எல்லாவற்றையும் சோதித்து நலமானதைப் பற்றிக்கொள்ளும் பொறுப்பு, மேய்ப்பரிடம் மட்டுமன்றிச் சபையின் ஒவ்வொருவரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதனை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு நம்பிக்கை என்று பெயரிடும் உரிமை எந்தக் கிறிஸ்தவனுக்கும் இல்லை.